ஐந்தாவது தந்தி

பாஞ்சோவைக் கையில் வாங்கிப் பார்க்கிற யாருக்கும் முதலில் உறுத்துவது அந்த ஐந்தாவது தந்திதான். மற்ற நான்கும் தண்டியின் நுனிவரை ஒழுங்காகப் போய்ப் பிரடையில் சுற்றிக்கொள்கின்றன. இது மட்டும் பாதி வழியில், ஐந்தாம் மெட்டுக்கு அருகே பக்கவாட்டில் முளைத்த ஒரு தனிப் பிரடையில் நின்றுவிடுகிறது. கிதாரில் கட்டைவிரலுக்குக் கிட்டே இருப்பது தடித்த மந்திரத் தந்தி. பாஞ்சோவிலோ அந்த இடத்தில் இருப்பதுதான் சுருதியில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். இடக்கை விரல்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பாட்டு எங்கே போனாலும் வலக்கைக் கட்டைவிரல் இடையிடையே அதைத் தட்டி ஒரே சுரத்தை ஒலிக்க விட்டுக்கொண்டிருக்கும். வீணைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பக்கத்துத் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுகிற வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது, அவ்வளவுதான்.

(வடக்கே பாஞ்சோ என்று புல்புல்தாராவையும் சொல்வார்கள். அது ஜப்பானிய வழிவந்த, பொத்தானை அழுத்தி வாசிக்கிற பெட்டி. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.)

இந்தக் குட்டைத் தந்தியை வைத்தது யார் என்பதற்கு அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு பொய்யான பதில் புழங்கியது. 2019-ல் ஒரு ராப் பாட்டை 'இது கன்ட்ரி இல்லை' என்று கன்ட்ரி இசைத் தரவரிசைப் பட்டியலிலிருந்து தூக்கினார்களே, அந்தத் தகராறின் வேரைத் தோண்டினால் இந்தப் பொய்யும் அதன் பங்காளிகளும்தான் கையில் வரும்.

பாஞ்சோவின் ரத்த உறவுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு. அவற்றில் முகஜாடை தெளிவாகத் தெரிவது அகோண்டிங். செனகலின் கசமான்ஸ் பகுதியிலும் காம்பியாவிலும் நெல் விளைவிக்கும் ஜோலா மக்களின் கருவி அது. பெரிய சுரைக்குடுக்கையை வெட்டி, வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழி ஒன்றைக் குறுக்கே செருகினால் உடல் தயார். தோலின்மேல் ஒரு மரக் குதிரை. மூன்று தந்திகள், இப்போது மீன்பிடி நைலான் நரம்பைத்தான் கட்டுகிறார்கள். இரண்டு நீளம், ஒன்று குட்டை. குட்டையானது கட்டைவிரல் பக்கம். வாசிக்கிறவர் விரலை மடக்கி, நகத்தின் முதுகால் நீளத் தந்தியை மேலிருந்து கீழே அடிக்கிறார். கை இறங்கிய வேகத்திலேயே கட்டைவிரல் குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்து, அடுத்த கணம் அதை விட்டுத் தெறிக்கிறது. அப்பலாச்சிய மலைகளில் 'கிளாஹாமர்' என்று சொல்லிக்கொடுக்கிற அடியும் இதேதான். பார்த்துப் பழகாமல் இந்தக் கைவழி தானாக வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்து மன்னர்களின் சபையில் பரம்பரைப் பாணர்கள் வாசித்தது ங்கோனி, ஹாலம் போன்ற கருவிகள். அகோண்டிங்குக்குச் சபையும் இல்லை, குலமும் இல்லை. வயல் வேலை முடிந்து கள் குடிக்கக் கூடுகிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். அறிஞர்கள் பாணர்களின் கருவிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஜோலா சமூகத்திலேயே பிறந்த காம்பியர் டேனியல் ஜாட்டாதான் தன் தந்தை வாசித்த இந்தக் கருவியை 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பாஞ்சோ சேகரிப்பாளர்கள் முன் கொண்டுபோய் வைத்தார். அதுவரை அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது ஆச்சரியமில்லை. அரண்மனையில் இருந்ததைத்தானே ஆய்வாளர்கள் முதலில் குறித்துக்கொள்வார்கள்.

அடிமைக் கப்பலில் ஏறியவர்களின் கையில் கருவி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. விரலில் இருந்தது, காதில் இருந்தது. கரீபியத் தீவுகளில் இறங்கிய இடத்திலும் சுரைக்காய் காய்த்தது, ஆடு இருந்தது. 1687-ல் ஆளுநரின் மருத்துவராக ஜமைக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைகள் சுரைக்குடுக்கையில் கழுத்துப் பொருத்தி, குதிரைமயிரையோ கொடித் தண்டின் நாரையோ தந்தியாகக் கட்டி வாசிப்பதைக் கண்டார். 1707-ல் வெளியிட்ட நூலில் அதற்குப் படமும் போட்டார். (பிரிட்டிஷ் மியூசியம் தொடங்கியதே இந்த ஸ்லோன் சேர்த்துவைத்த பொருட்களை வைத்துத்தான், எதையும் விடாமல் சேர்க்கிற ஆசாமி.) அந்தப் படத்தில் உள்ள கருவிக்குத் தட்டையான தண்டியும் முறுக்குகிற பிரடையும் இருக்கின்றன. அகோண்டிங்கின் உருண்டைக் கழியில் இவை கிடையாது. ஐரோப்பியரின் கிதார் வகைகளைப் பார்த்துச் சேர்த்தவையாகத்தான் இருக்கும். ஆகவே பாஞ்சோ அப்படியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கியதல்ல. வெவ்வேறு மொழி பேசிய, ஒருவரையொருவர் அறியாத மக்கள் கரும்புத் தோட்டத்தில் ஒன்றாகத் தள்ளப்பட்டபோது, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஒரு கருவியாக அங்கே பிறந்தது. கலப்பு அதன் பிறப்பிலேயே உண்டு.

வட அமெரிக்காவில் அதற்கு ஓர் எதிர்பாராத அனுகூலம் கிடைத்தது. 1739-ல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் பறை முழக்கி எழுந்தார்கள். மறு ஆண்டே பறையும் கொம்பும் சட்டப்படி தடை. தந்திக் கருவியால் யாரும் படை திரட்ட மாட்டார்கள் என்று முதலாளிகள் நினைத்திருக்க வேண்டும், பாஞ்சோ பிழைத்தது. தோலும் தந்தியும் ஒன்றாக இருப்பதால் பறையின் வேலையையும் அது கொஞ்சம் செய்யும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

அதே தென் கரோலினாவில் 1785-90 வாக்கில் தீட்டிய ஒரு நீர்வண்ண ஓவியம் வில்லியம்ஸ்பர்க்கின் நாட்டுப்புறக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 'பழைய தோட்டம்' என்று பெயர். வரைந்தவர் ஜான் ரோஸ், அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளி. பின்னால் ஆறு, அக்கரையில் வீடுகள். முன்னால் பத்துப் பன்னிரண்டு கறுப்பின மக்கள். ஒருவன் கோலோடு ஆடுகிறான், பெண்கள் இருவர் கையில் எதையோ பிடித்தபடி எதிராடுகிறார்கள். வலப்பக்கம் ஒருவன் உட்கார்ந்து சுரைக்குடுக்கைப் பாஞ்சோவை மடியில் சாய்த்து வாசிக்கிறான். கூர்ந்து பார்த்தால் தந்திகளை எண்ணலாம். நான்கு. மூன்று நீளம், ஒன்று பாதியில் நிற்கிறது. முதலாளி தன் சொத்துக் கணக்குக்காக வரைந்தாரோ ரசித்து வரைந்தாரோ, அந்தக் குட்டைத் தந்தியை விடாமல் வரைந்துவைத்தார். அதே காலத்தில் வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய நூலின் ஓர் அடிக்குறிப்பு, இக்கருவி கறுப்பர்களுக்கே உரியது, ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது என்கிறது. தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர் எழுதிய சாட்சியம் அது.

இனி பொய்க்கு வருவோம். ஜோயல் வாக்கர் ஸ்வீனி 1810-ல் வர்ஜீனியாவின் அப்போமேட்டாக்ஸ் பகுதியில் பிறந்தார். பாஞ்சோவை மேடையில் வாசித்துப் பெயர் வாங்கிய முதல் வெள்ளைக்காரர். சுற்றுவட்டாரக் கறுப்பர்களிடம் கற்றுக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 'ஐந்தாவது தந்தியைக் கண்டுபிடித்தவர் ஸ்வீனி' என்று ஒரு கதை கிளம்பி, புத்தகங்களில் ஏறிப் பல தலைமுறை நிலைத்தது. அந்தக் குட்டைத் தந்தி இருக்கிற ஓவியமோ அவர் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே தீட்டியது. ஸ்வீனி சேர்த்தது எதுவாவது இருந்தால் அது கீழ் ஸ்தாயித் தந்தியாக இருக்கலாம் என்பார்கள். விஷயம் என்னவென்றால், அடையாளமான உறுப்புக்கே வெள்ளைத் தகப்பன் ஒருவரைத் தேடிக் கட்டிவிட்டால் மீதியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்வீனியும் அவர் வழியில் வந்தவர்களும் மேடையேறும்போது சுட்ட தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டார்கள். 1843-ல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு முழு நிகழ்ச்சியாகவே இதை நடத்த, 'மின்ஸ்ட்ரல்' ஆட்டம் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. கறுப்பர்களைச் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டுகிற கூத்து. அதன் நடுநாயகம் பாஞ்சோ. கூத்துக்குக் கருவி தேவைப்பட்டதால் தொழிற்சாலையும் வந்தது. பால்டிமோரில் மத்தளம் செய்து விற்ற வில்லியம் பவுச்சர், சுரைக்குடுக்கையை விட்டுவிட்டு மரவளையத்தில் தோலை இழுத்து, திருகாணி கொக்கிகளால் இறுக்கினார். மழைநாளில் தோல் தொய்ந்தால் இனி நெருப்பில் காட்ட வேண்டாம், ஆணியைத் திருகினால் போதும். உலோக வளையமும் மெட்டுக்களும் பின்னால் வந்தன. நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஸ்டூவர்ட் போன்ற வியாபாரிகள் பாஞ்சோவைக் குடும்பப் பெண்கள் வரவேற்பறையில் வாசிக்கத் தக்க கௌரவமான கருவியாக்க அரும்பாடுபட்டார்கள். பாஞ்சோவின்மேல் படிந்திருந்த தோட்டத்து வாசனையைக் கழுவ வேண்டியிருந்தது. இன்றைய பாஞ்சோ எங்களுடையது மட்டுமே என்று யார் சொன்னாலும் முழு உண்மையாகாது. தந்தி ஒழுங்கும் அடியும் ஆப்பிரிக்கக் கை, கொக்கியும் வளையமும் பால்டிமோர்ப் பட்டறை.

மலைக்குப் போன வழி வேறு. அப்பலாச்சியாவில் ரயில் பாதை போடவும் சுரங்கம் தோண்டவும் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழிவந்த மலைக்குடிகளிடம் ஃபிடில் இருந்தது. ஃபிடிலும் பாஞ்சோவும் சேர்ந்த அந்த ஜோடிதான் கன்ட்ரி இசையின் கரு. இருநிறத்தாரும் ஒரே பாட்டுக்களைத் தத்தம் வீட்டு ஆட்டத்துக்கு வாசித்தார்கள். வர்ஜீனியாச் சுரங்கத் தொழிலாளி டாக் பாக்ஸ், தன் கைவழி கறுப்பு வாத்தியக்காரர்களைப் பார்த்து வந்தது என்பதை மறைத்ததில்லை.

பிரித்தது இசைத்தட்டுக் கம்பெனி. 1920-ல் ஓகே கம்பெனி கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தைப் பாடவைத்து வெளியிட்ட ப்ளூஸ் தட்டு எதிர்பாராமல் விற்றது. கறுப்பர்களும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அன்றுதான் உறைத்தது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பட்டியல் போட்டார்கள். 1923-ல் அதே கம்பெனியின் ரால்ஃப் பியர் அட்லாண்டாவுக்குப் போய் ஃபிடிலின் ஜான் கார்சன் என்ற வெள்ளைக்காரரைப் பதிவு செய்தார், அதுவும் விற்றது. அதற்கு 'ஹில்பில்லி' என்று இன்னொரு பட்டியல். கொலம்பியா கம்பெனி எண்வரிசையிலேயே வேலி போட்டது: 14000 வரிசை கறுப்பர்களுக்கு, 15000 வரிசை வெள்ளையர்களுக்கு. கடைக்காரர் அலமாரியை அடுக்க வசதி, விளம்பரம் எந்தப் பத்திரிகைக்குப் போக வேண்டும் என்பதும் தெளிவு. இனவெறியைப் பரப்ப வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்ததல்ல. சரக்கு நகரச் செய்த வேலை. அதனால்தான் அது இவ்வளவு காலம் நீடித்தது என்று எனக்குத் தோன்றும். கொள்கையை எதிர்த்துப் போராடலாம், அலமாரியை எதிர்த்து யார் போராடுவார்கள்?

அலமாரி வந்த பிறகு இசை அதற்கேற்ப வளைந்தது. ஃபிடிலும் பாஞ்சோவும் தூக்கிக்கொண்டு வந்த கறுப்புக் குழுக்களிடம் பதிவுக்காரர்கள் ப்ளூஸ் கேட்டார்கள். மலைப்பாட்டு பாடினால் எந்த எண்ணில் போடுவது? ஆகவே கிராமத்தில் இருபுறமும் வாசித்தது தட்டில் ஒருபுறம் மட்டும் பதிந்தது. பிறகு தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதுதான் உலகம் என்று நம்பினார்கள்.

திரைக்குப் பின்னால் கொடுக்கல்வாங்கல் நிற்கவில்லை. கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று கொண்டாடும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராய்ப் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார்க்காரர். ஏ. பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் நினைவில் வீடு வந்து சேரும். கன்ட்ரியின் தகப்பன் என்கிற ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-ல் பதிவு செய்த 'புளூ யோடல் நம்பர் 9'-ல் டிரம்பெட் ஊதுவது லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். தட்டில் ஆம்ஸ்ட்ராங் பெயர் இல்லை. கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, மௌத் ஆர்கன் வாசித்த கறுப்பர். ஊர் ஊராய்க் கச்சேரிக்குப் போகையில் மற்றவர்கள் தங்கும் ஓட்டலில் அவருக்கு இடம் கிடையாது. 1941-ல் அவரை நீக்கினார்கள். மீதி வாழ்நாளில் பெரும்பகுதி ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார்.

கறுப்பர்கள் பாஞ்சோவைக் கைவிட்டதும் இதே காலத்தில். பறித்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதாது. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்களைக் கேலி செய்த கூத்தின் சின்னம் அது. அதை மடியில் வைத்துக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? வடக்கே நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கிராமத்தை நினைவூட்டுகிற எதுவும் வேண்டாம். கிதாரும் அஞ்சல்வழிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. ஜாஸ் குழுக்கள் கொஞ்ச காலம் பாஞ்சோவை வைத்திருந்தன, ஆனால் அது நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. குட்டைத் தந்தியை அறுத்துவிட்டார்கள். முப்பதுகளில் அந்த நான்கு தந்தியும் போய்விட்டது.

ஐந்து தந்திப் பாஞ்சோ ஏறக்குறைய மூலையில் கிடந்த நேரத்தில், 1945 டிசம்பரில் கன்ட்ரிப் பாடகர் பில் மன்றோவின் குழுவில் 21 வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தார். வட கரோலினா நூற்பாலைத் தொழிலாளி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் கவசம் மாட்டிக்கொண்டு அவர் வாசித்த வேகத்தை அதுவரை வானொலியில் யாரும் கேட்டதில்லை. புளூகிராஸ் என்ற வகையே அதில் பிறந்தது. அந்த வேகத்திலும் கட்டைவிரல் அடிக்கொருதரம் குட்டைத் தந்திக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதன்பின் தொலைக்காட்சி, சினிமா: அறுபதுகளில் 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 1967-ல் 'போனி அண்ட் கிளைட்', 1972-ல் 'டெலிவரன்ஸ்'. பாஞ்சோ ஒலித்தால் வெள்ளைக்காரப் பட்டிக்காடு என்று உலகமே புரிந்துகொள்ளும் நிலை வந்தது. கரி பூசினால்தான் மேடையில் வாசிக்கலாம் என்றிருந்த வாத்தியம், நூறு வருஷத்தில் கறுப்பர் வாசித்தால் வேடிக்கை என்று பார்க்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

பெயர்ப்பலகைகள் மட்டும் அவ்வப்போது மாறின. 1949-ல் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்பதை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று வைத்தது. அதே வேளையில் நாட்டுப்புறப் பட்டியல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. வேலி அதே இடத்தில் நின்றது. அறுபதுகளில் கறுப்பினக் கன்ட்ரிப் பாடகர் சார்லி ப்ரைடின் முதல் தட்டுக்களை வானொலி நிலையங்களுக்குப் படம் இல்லாமல் அனுப்பினார்கள். 1970-ல் கன்ட்ரி ஆல்பம் வெளியிட்ட கறுப்பினப் பாடகி லிண்டா மார்ட்டெல்லின் கம்பெனிக்குப் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைத் தோட்டத்தின் பெயரை உறையில் சுமந்துகொண்டு போய் அவர் பாட வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஆல்பம்தான்.

வட கரோலினாவின் மீபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற முதியவர் ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல் பாஞ்சோ. கறுப்பினக் குடும்பங்களின் பழைய ஆட்டப்பாட்டு மரபில் கடைசியாக மிஞ்சியவர்களில் அவர்கள் இருவர். 1994-ல் ஓடெல் இறந்ததும் ஜோ தனியானார். 2005-ல் அதே மாநிலத்தின் பூன் நகரில் 'கறுப்பு பாஞ்சோ கூடல்' நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் வாராவாரம் ஜோவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பினார்கள். புளூ கான்ட்ரல் 2001-ல் பாடிய ஒரு ஆர் அண்ட் பி பாட்டை ஃபிடிலும் பாஞ்சோவும் வைத்து, வாயாலேயே ராப் தாளம் போட்டு வாசிப்பது அவர்கள் நிகழ்ச்சியின் உச்சமாக இருந்தது. கேட்டால் இரண்டு காலமும் ஒன்றோடொன்று முட்டுவதே இல்லை. பாஞ்சோ எப்போதுமே தாள வாத்தியமாகத்தானே இருந்தது. 2011-ல் அவர்களுக்கு கிராமி கிடைத்தது, பாரம்பரிய நாட்டுப்புறப் பிரிவில். கன்ட்ரியில் இல்லை.

ராப்பும் கன்ட்ரியும் கலப்பது அதற்குள் பழைய செய்தி. பெல்லமி பிரதர்ஸ் 1987-லேயே விளையாட்டாகச் செய்தார்கள். 2005-ல் கவ்பாய் ட்ராய் என்ற கறுப்பர் 'ஹிக்-ஹாப்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டு நாஷ்வில் மேடையில் ராப் செய்தார். விருந்தாளியாக வரவேற்றார்கள், வீட்டாளாக அல்ல. 2011-ல் ஜேசன் ஆல்டீன் என்ற வெள்ளைக்காரர் ராப் நடையில் சொன்ன 'டர்ட் ரோடு ஆன்தம்' கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2017-ல் சாம் ஹன்ட்டின் பேச்சுநடைப் பாட்டு அங்கே 34 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. இதில் கன்ட்ரி எங்கே என்று முணுமுணுத்த ரசிகர்கள் உண்டு. பட்டியலைவிட்டு யாரும் எடுக்கவில்லை.

2018-ல் நெதர்லாந்தில் யங்கியோ என்ற பெயரில் தாளக்கட்டுகள் செய்து இணையத்தில் விற்றுக்கொண்டிருந்த ஒரு பையனின் கண்ணில், யூடியூபில் ஒரு பாஞ்சோத் துணுக்கு பட்டது. நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-ல் வெளியிட்ட வார்த்தையில்லாத இசைத் தொகுப்பில் உள்ளது. '34 கோஸ்ட்ஸ் 4' என்று எண்ணைத் தவிர அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ட்ரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் செய்த, இரைச்சலும் இருட்டுமான ஒரு பதிவு. பையன் அதை வெட்டி ஒட்டி, கீழே ராப்பின் கனத்த மின்தாளத்தைப் போட்டு விற்பனைக்கு வைத்தான். விலை 30 டாலர். வாங்கியது அட்லாண்டா பக்கத்தில் கல்லூரியை விட்டுவிட்டு அக்கா வீட்டில் படுத்திருந்த 19 வயது மான்டெரோ ஹில், மேடைப்பெயர் லில் நாஸ் எக்ஸ். குதிரையில் ஏறி ஊரைவிட்டுப் போகிற ஒற்றைக் கவ்பாயின் கதையை அதன்மேல் பாடி, 'ஓல்டு டவுன் ரோடு' என்று டிசம்பரில் வெளியிட்டார். நீளம் 1 நிமிடம் 53 நொடி. பதிவேற்றும்போது வகை என்ற இடத்தில் 'கன்ட்ரி' என்று போட்டார். டிக்டாக்கில் பிள்ளைகள் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அதற்கு ஆட, பாட்டு பரவியது.

2019 மார்ச்சில் பில்போர்டின் கன்ட்ரிப் பட்டியலில் அது 19-ஆம் இடத்தில் நுழைந்தது. அதே வாரம் பொதுப் பட்டியலிலும் ராப் பட்டியலிலும் இருந்தது. பிறகு சத்தமில்லாமல் கன்ட்ரியிலிருந்து மட்டும் காணாமல் போனது. பத்திரிகையாளர்கள் கேட்டபோது பில்போர்டு சொன்ன விளக்கம், இன்றைய கன்ட்ரிக்குரிய அம்சங்கள் போதுமான அளவு அதில் இல்லை என்பது. இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள்.

அதை நான் பாதி நம்புகிறேன். அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் நிறத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டியதில்லை. பாட்டு நாஷ்வில் கம்பெனியிலிருந்து வரவில்லை, கன்ட்ரி வானொலிக்கு யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வாசல் வழியாக வராததை வீட்டுச் சாமான் என்று எப்படிக் கணக்கெழுதுவது? ஆனால் அந்த வாசலை 1920-களில் எந்த அளவுகோலில் வெட்டினார்கள் என்பதை யாரும் கேட்காமலே இருக்க முடிந்ததே, மீதிப் பாதி அங்கே இருக்கிறது. மின்தாளம் இருப்பதால் கன்ட்ரி இல்லை என்றால் சாம் ஹன்ட்டும் வெளியே போக வேண்டும். பாஞ்சோ இருந்தால் கன்ட்ரி என்றால் இது உள்ளே வர வேண்டும்.

ஏப்ரலில் கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய மறுபதிப்பு வந்தது. பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடம். அதுவரை இருந்த 16 வார சாதனையை முறியடித்தது. கன்ட்ரிப் பட்டியலுக்கு அது திரும்பவே இல்லை. வருஷ இறுதியில் கன்ட்ரி இசைச் சங்கமே, கூட்டுநிகழ்ச்சிக்கான விருது ஒன்றை இருவருக்கும் கொடுத்தது.

பாஞ்சோ தாய்வீடு திரும்பிவிட்டது என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. அந்தத் துணுக்கு ஒரு வெள்ளை ராக்காரர் தொகுப்பிலிருந்து, டச்சுப் பையன் கணினி வழியாக, 30 டாலருக்கு வந்தது. மான்டெரோ ஹில் ஜோலா மக்களை நினைத்து வாங்கவில்லை. கேட்டதும் கவ்பாய் ஞாபகம் வந்தது, வாங்கினார். தாய்வீடு என்று தேடிப் போனவர்கள் மீபேனில் ஜோவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள்தான். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது ஜோவுக்கும் நியாயமில்லை, பாட்டு செய்த பையனுக்கும் நியாயமில்லை.

இரண்டு வழிகளும் சந்தித்தது 2024-ல். பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' தொடங்குவதே பாஞ்சோவில். வாசித்தவர் ரியானன் கிடன்ஸ். ஓக்லஹோமாவில் ஒரு கன்ட்ரி வானொலி அதைப் போட முதலில் மறுத்து, ரசிகர்கள் திரண்டபின் போட்டது. கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் பியான்சேதான். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தில் ராப்பே ஓங்கி நிற்கிற இன்னொரு பாட்டின் தொடக்கத்தில், இசை வகை என்பதே வேடிக்கையான கருத்துதானே என்று கேட்டு ஒரு முதிய குரல் ஒலிக்கிறது. பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸின் லிண்டா மார்ட்டெல். அதே பாட்டில் வருகிற ஷபூஸி, நைஜீரியப் பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், அந்த ஆண்டே 2004-ஆம் வருஷத்து ராப் பாட்டு ஒன்றின் பல்லவியைக் கன்ட்ரியாக மாற்றிப் பாடி, பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தார். கன்ட்ரிப் பட்டியலிலும் முதலிடம். இந்த முறை யாரும் எடுக்கவில்லை. கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருதுப் பரிந்துரைகளில் மட்டும் பியான்சே பெயர் ஓரிடத்திலும் இல்லை.

2025 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி பியான்சேக்குக் கிடைத்தது. நான்கே மாதத்தில் கிராமி அமைப்பு அந்தப் பிரிவை இரண்டாகப் பிரித்தது. பழையதற்கு 'தற்காலக் கன்ட்ரி' என்று பெயர்; புதிதாக 'பாரம்பரியக் கன்ட்ரி' என்று ஒன்று. வெகுநாளாக யோசித்து வந்ததுதான், பியான்சேக்காகச் செய்ததல்ல என்றார்கள். இருக்கலாம். பாரம்பரியம் என்று ஏற்றுக்கொள்ள ஆல்பத்தில் என்னென்ன கருவிகள் ஒலிக்கலாம் என்று விதியில் ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள், அதன் தொடக்கம்: கிதார், ஸ்டீல் கிதார், ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின்.